வால்டனிலிருந்து அண்ணனுக்கு

வால்டன், லிவர்பூல்
5.2.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

இயேசுவுக்கே புகழ். போட் கொச்சிக்குத் திரும்ப இந்த மாசக் கடைசி ஆகும் என்று மைனி சொன்னார்கள். போனில் கூப்பிட்டால் அம்மாவும் மைனியும் பிள்ளைகளும் மாறி மாறிப் பேசி, கால்பந்து பற்றிப் பேச்செடுக்கும் முன்பே நேரம் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கரைக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நான் சுகம். குளிர் இன்னும் குறையவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. கேஸ் பில் ஏறிவிட்டதால் எல்லா வீட்டிலும் ஹீட்டரைக் கணக்குப் பார்த்துத்தான் போடுகிறார்கள். மட்டை அரிசி கடையில் கிடைக்கிறது, நல்ல சாளைதான் கிடைப்பதில்லை. நாளையும் மறுநாளும் நர்ஸுகள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்கிறோம். டிசம்பரில் தொடங்கியது இன்னும் முடியவில்லை. பயப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், சங்கம் முறைப்படி அறிவித்த வேலைநிறுத்தம்தான். பணம் வழக்கம்போல் பத்தாம் தேதிக்குள் அனுப்பிவிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் இருக்கும் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் எவர்டன் கிளப்பின் கூடிசன் பார்க். நீங்கள் டிவியில் பார்க்கிற மைதானங்களைப்போல ஊருக்கு வெளியே தனியாக நிற்கும் கட்டடம் அல்ல. ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகளுக்கு நடுவே, வீட்டு வாசலுக்கு எதிரிலேயே ஸ்டாண்டின் சுவர் எழும்பி நிற்கிறது. 1892-ல் கட்டியது. மைதானத்தின் ஒரு மூலையில், இரண்டு ஸ்டாண்டுகளுக்கு இடையே புனித லூக்கா கோயில் இருக்கிறது. நம்முடைய சபை இல்லை, ஆங்கிலிக்கன். ஆட்ட நாளில் கோயில் ஹாலில் டீ கொடுப்பார்கள், சுவர் முழுக்கப் பழைய எவர்டன் படங்கள். இந்தக் கிளப்பே 1878-ல் ஒரு மெதடிஸ்ட் கோயில் பையன்கள் செயிண்ட் டொமிங்கோ என்ற பெயரில் தொடங்கியதுதான். அடுத்த வருஷம் எவர்டன் என்று பெயர் மாற்றினார்கள். நம் கடற்கரையில் ஒவ்வொரு கோயில் பங்கிலும் ஒரு டீம் இருக்கிறதே, அப்படித்தான் இதுவும் பிறந்திருக்கிறது. அதனால்தானோ என்னவோ, இந்தக் கிளப்மேல் எனக்கு வந்த பிரியம் லிவர்பூல்மேல் வரவில்லை. நீங்கள் மான்செஸ்டர் யுனைடெட் என்பதால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

இப்போது இந்த ஊரின் பாதி ஜனம் தூக்கம் கெட்டுக் கிடக்கிறது. எவர்டன் கீழ் லீக்குக்கு இறங்கிவிடுமோ என்ற பயம். 1888-ல் இங்கிலாந்தில் லீக் தொடங்கியபோது இருந்த கிளப்புகளில் இது ஒன்று. இத்தனை காலத்தில் நாலே நாலு சீசன்தான் முதல் டிவிஷனுக்கு வெளியே இருந்திருக்கிறது. 1954-லிருந்து ஒரு தடவைகூட இறங்கியதில்லை. ஒன்பது முறை சாம்பியன். ஆனால் கடைசியாக லீக் ஜெயித்தது 1987-ல், கடைசிக் கோப்பை 1995-ல். என் வார்டில் இருக்கிற வயசானவர்கள் 1987-ஐ நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் பார்த்ததெல்லாம் இந்தப் பயத்தை மட்டும்தான்.

போன சீசனே தப்பித்தது பெரிய காரியம். மே 19 அன்று கிரிஸ்டல் பேலஸோடு 0–2 என்று பின்தங்கி, பிறகு 3–2 என்று ஜெயித்தார்கள். 85-ஆம் நிமிஷத்தில் கால்வர்ட்-லெவின் பாய்ந்து தலையால் முட்டிய கோல். ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடிவந்துவிட்டார்கள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியவர்களுக்கு இந்த வருஷமும் அதே கதை. ஜனவரி மூன்றாம் வாரத்தில் 20 ஆட்டத்தில் 15 புள்ளிதான், 19-ஆம் இடம். சவுத்தாம்ப்டனோடு சொந்த மண்ணில் தோற்ற அன்று, பாதுகாப்பு இல்லை என்று சொல்லி நிர்வாகிகள் ஆட்டத்துக்கே வரவில்லை. ஆட்டம் முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்து நிர்வாகத்தை வெளியேறச் சொல்லிக் கத்தினார்கள்.

இறங்குவது என்றால் கௌரவப் பிரச்சினை மட்டும் இல்லை அண்ணா. முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கிற கிளப்புக்கே டிவி பணமாக ஏறக்குறைய 10 கோடி பவுண்டு கிடைக்கிறது. நம் காசில் ஆயிரம் கோடி. கீழே போனால் அது சட்டென்று நின்றுவிடும். ஈடாக மூன்று வருஷத்துக்குக் குறைந்துகொண்டே போகும் ஒரு உதவிப் பணம் உண்டு, அவ்வளவுதான். எவர்டனோ 2021 வரையான மூன்று வருஷத்தில் மட்டும் 37 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டக் கணக்கு காட்டியிருக்கிறது. உக்ரைன் போர் வந்ததும் ரஷ்யக் கோடீஸ்வரர் உஸ்மானோவ் கம்பெனிகளின் விளம்பரப் பணமும் நின்றுபோயிற்று. இதற்கிடையில் பிராம்லி-மூர் துறையில் 52,888 பேர் உட்காரும் புது ஸ்டேடியம் வேறு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், பழைய கப்பல் துறையை மணல் கொட்டி மூடி அதன்மேல் இரும்புத் தூண்கள் நிற்கின்றன. அந்தத் துறையில் கீழ் லீக் ஆட்டம் நடக்கிற நிலைமை வந்துவிடக் கூடாது என்பதுதான் இங்கே எல்லாருடைய வேண்டுதலும்.

ஜனவரி 23-ல் டீமை நடத்துகிற மேனேஜர் லாம்பார்டை அனுப்பிவிட்டார்கள். அவர் இடத்துக்குப் பியெல்சா பெயரெல்லாம் அடிபட்டது. கடைசியில் 30-ஆம் தேதி ஷான் டைச் வந்தார், 2025 ஜூன் வரை, இரண்டரை வருஷ ஒப்பந்தம். இந்த ஒப்பந்தத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

கிளப்பின் முதலாளி மோஷிரி இதில் பங்கு வாங்கியது 2016-ல். அதற்குப் பிறகு வந்த மேனேஜர்களை எண்ணிப் பாருங்கள். கூமன் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார், ஒன்றரை வருஷம்கூட நிற்கவில்லை. அலர்டைஸ் ஆறே மாசம். மார்கோ சில்வாவுக்கும் ஒன்றரை வருஷம். அன்சலோட்டி நாலரை வருஷ ஒப்பந்தத்தில் வந்து, ஒன்றரை வருஷத்தில் ரியல் மாட்ரிட் கூப்பிட்டதும் போய்விட்டார். பெனிட்டஸுக்கு மூன்று வருஷம் எழுதி ஏழு மாசத்தில் அனுப்பினார்கள். லாம்பார்டுக்கும் இதே இரண்டரை வருஷம்தான் எழுதினார்கள், ஒரு வருஷம் முடிய எட்டு நாள் இருக்கும்போது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஆட்டக்காரர்களை வாங்குவார், அடுத்தவர் வந்து அவர்களை ஓரங்கட்டுவார். மீன் படாத ஒவ்வொரு தடவையும் போட் ஓட்டுகிற ஸ்ராங்கை மாற்றினால் எந்தப் போட்டாவது உருப்படுமா?

டைச்சுக்கு நல்ல ஆட்டக்காரர்களை வாங்கிக் கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. இந்த ஊர்ப் பையன் கோர்டனை நியூகாசிலுக்கு நாலு கோடி பவுண்டுக்கு மேல் விலைக்கு விற்றார்கள். மறுநாள் டைச் வந்தார், அதற்கடுத்த நாள் ஆட்டக்காரர்களை வாங்கி விற்கிற ஜனவரித் தவணை முடிந்தது. ஒருத்தரைக்கூட வாங்கவில்லை.

நேற்று ஆர்சனலோடு அவருக்கு முதல் ஆட்டம். பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் குளிரில் முட்டுவலி, அவருடைய சீசன் டிக்கெட்டில் தாத்தா என்னைக் கூட்டிப்போனார். புல்லன்ஸ் ரோடு ஸ்டாண்ட். இன்னும் மரப்பலகை சீட்டுகள்தான். எனக்கு முன்னால் ஒரு இரும்புத் தூண், கழுத்தை இடதும் வலதும் சாய்த்துச் சாய்த்துத்தான் ஆட்டம் பார்த்தேன். ஆர்சனல் 50 புள்ளியோடு முதலிடத்தில் இருக்கிற டீம். அதுவரை லீக்கில் ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றிருந்தார்கள். ஆனால் எவர்டன்காரர்கள் ஒரு பந்தைக்கூடச் சும்மா விடவில்லை. நடுவில் ஐந்து பேரை நிறுத்தி வழியை அடைத்துவிட்டார்கள். இந்த ஜனங்களை நீங்கள் பார்க்க வேண்டும் அண்ணா. அழகான பாஸுக்குக் கைதட்டுவார்கள், அவ்வளவுதான். ஒருத்தன் சறுக்கிப் போய்ப் பந்தைத் தட்டிவிட்டால் கோல் விழுந்ததுபோல எழுந்து நிற்கிறார்கள். கார்னர் கிடைத்தாலே கூரை அதிர்கிறது.

60-ஆம் நிமிஷம் மெக்நீல் கார்னர் அடித்தார், டார்கோவ்ஸ்கி எம்பித் தலையால் முட்டினார், கோல். இரண்டு பேருமே டைச் முன்பு மேனேஜராக இருந்த பர்ன்லி கிளப்பில் அவரிடம் ஆடியவர்கள். தாத்தா என் தோளைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. அப்புறம் அரை மணி நேரம் யாரும் உட்காரவில்லை. விசில் அடித்தபோது 1–0. வந்த அன்றைக்கு டைச் சொன்னது, ஜனங்களுக்குச் சட்டையில் வியர்வையைக் காட்ட வேண்டும் என்று. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஆனாலும் 21 ஆட்டத்தில் 18 புள்ளி, 18-ஆம் இடம். கீழ் லீக்குக்கு இறக்குகிற கடைசி மூன்று இடங்களுக்குள்தான் இன்னும் நிற்கிறோம். மீதி 17 ஆட்டம். அதனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: இறங்கினாலும் இந்த மனிதரை விடக் கூடாது. பர்ன்லி 2014-ல் இவரோடு மேலே வந்தது, 2015-ல் இறங்கியது. அப்போது அவர்கள் இவரை அனுப்பவில்லை. அடுத்த வருஷமே கீழ் லீக்கில் சாம்பியனாகித் திரும்பினார்கள். 2018-ல் ஏழாம் இடம் பிடித்து ஐரோப்பியப் போட்டிக்கே போனார்கள், அத்தனை சின்ன ஊர். அதே பர்ன்லி 2021-ல் இவருக்கு நாலு வருஷ ஒப்பந்தம் கொடுத்துவிட்டு, ஏழு மாசத்தில் பயந்துபோய் அனுப்பியது. அனுப்பியும் இறங்கத்தான் செய்தது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எனக்கும் இங்கே மூன்று வருஷ ஒப்பந்தம்தான், விசாவும் அதோடு சேர்ந்தது. வந்த புதிதில் இந்த ஊர்ப் பேச்சு ஒன்றும் பிடிபடவில்லை. நோயாளி வலி என்கிறாரா, டீ கேட்கிறாரா என்றே தெரியாது. இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய எழுதுகிற ஆஸ்கி செய்முறைப் பரீட்சை பாஸாகிறவரை நர்ஸ் சட்டைகூடக் கிடையாது. எங்கள் வார்டு சிஸ்டர் முதல் வாரங்களில் எனக்குத் தனியாக ஒரு பெட்கூடக் கொடுக்காமல், கூடவே நிறுத்திக் கற்றுக்கொடுத்தார். இன்றைக்கு ராத்திரி டியூட்டியில் வார்டையே என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார். அந்த அவகாசம் இல்லையென்றால் அந்த வருஷமே ஊருக்குத் திரும்பியிருப்பேன். எழுதிக் கொடுத்த காலத்தை ஒரு ஆளுக்கு முழுதாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று எவர்டன் நிர்வாகத்திடம் யாராவது சொன்னால் நன்றாயிருக்கும்.

தாத்தா இதை ஒப்புக்கொள்ளவில்லை. இறங்கிவிட்டால் எல்லாரும் போக வேண்டியதுதான், முதலில் நிர்வாகம், பிறகு மேனேஜர் என்கிறார். அறுபது வருஷமாக அந்த மரப்பலகையில் உட்கார்ந்தவர், அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

13-ஆம் தேதி திங்கட்கிழமை ஆன்ஃபீல்டில் லிவர்பூலோடு ஆட்டம். இரண்டு மைதானத்துக்கும் நடுவில் ஒரு பார்க்தான். எனக்கு அன்று டியூட்டி. வார்டில் ஆறாம் பெட் எவர்டன் நீலம், ஏழாம் பெட் லிவர்பூல் சிவப்பு, இப்போதே திரையை இழுத்துவிடச் சொல்லிவிட்டார்கள்.

கரைக்கு வந்ததும் டார்கோவ்ஸ்கி போட்ட கோலை யூடியூபில் பாருங்கள். ஸ்டாப்பராக ஆடிய உங்களுக்கு அவர் எம்புகிற நேரம் பிடிக்கும். தம்பிப் பயலுக்கும் போட்டுக் காட்டுங்கள், பூட்ஸ் அளவைக் காலில் நூல் வைத்து அளந்து மைனியை அனுப்பச் சொல்லுங்கள். டைச் விஷயத்தில் நான் சொல்வது சரியா, தாத்தா சொல்வது சரியா என்று கட்டாயம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை