ஓடைக்கரையில் கொஞ்சம் புல்

டெ மாய்ன், அயோவா
2025 ஜூலை

அடியே கலா,

வடகம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ராணி வீட்டுக் கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. எனக்கும் சேர்த்து நீயே சாப்பிடு, உனக்கா சொல்லித்தர வேண்டும்!

போன மாதம் இங்கே புல்தரைக்குத் தண்ணீர் விடத் தடை போட்டார்கள். ஆறு வற்றவில்லை. ரக்கூன், டெ மாய்ன் இரண்டு ஆற்றிலும் நைட்ரேட் என்ற தழைச்சத்து உப்பு ஏறிவிட்டது. குடிநீரில் அது, நைட்ரஜன் கணக்கில், லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதை நீக்கும் ஆலை ராப்பகலாக ஓடியும் ஊருக்குப் போதவில்லை. அளவு தாண்டினால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்காமல் போகலாம், உடம்பு நீலம் பாரிக்கலாம். பெரும்பாலும் மேலே மக்காச்சோளக் காட்டிலிருந்து வருவதுதான். உங்கள் வெள்ளாமையேதான்டி!

பக்கத்திலேயே நீல் ஸ்மித் சரணாலயத்தில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007-இல் தொடங்கிய சோதனை வயல்கள் இருக்கின்றன. பத்தில் ஒரு பங்கு நிலத்தில் சரிவுக்குக் குறுக்கே நாட்டுப்புல்லும் பூச்செடியும் பட்டை பட்டையாக விதைத்தார்கள். மழைநீர் ஓட்டம் 37 சதவீதம் குறைந்ததாம். மண் 20 மடங்கு அதிகமாக நின்றதாம். விறைப்பான தண்டு வெள்ளத்தின் வேகத்தை உடைக்கிறது, வண்டல் அங்கேயே படிகிறது, அதில் ஒட்டிய பாஸ்பரசும் தங்கிவிடுகிறது. படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆனால் ஒரு சங்கடம். இங்கே வயலுக்கு அடியில் துளையிட்ட வடிகால் குழாய் புதைத்திருக்கிறார்கள். நைட்ரேட் தண்ணீரோடு கரைந்து இறங்கி, புல்லுக்குக் கீழாகவே ஓடைக்குப் போய்விடுகிறது. அதற்கும் 2010-இல் பேர் கிரீக் ஓடையில் வழி கண்டார்கள்: குழாயைக் கரையிலேயே மறித்து, தண்ணீரைப் புல்லின் வேருக்குள் கசியவிடுவது. அங்குள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி விடுகின்றன.

உங்கள் பெரம்பலூர்ப் புஞ்சையில் அப்படிக் குழாய் கிடையாது. மேலே ஓடும் தண்ணீர்தான், அதைப் புல்லே பிடித்துக்கொள்ளும். ஆனால் அண்ணன் ஓடை விளிம்புவரை உழுது, மிச்சக் கரைக்கும் களைக்கொல்லி அடிக்கிறாரே! அந்த ஓடை ஏரிக்குத்தானே போகிறது? கரையோரம் ஒரு பட்டை விட்டுவைக்கச் சொல். வெட்டிவேர் நட்டால் நெருக்கமாகப் பிடிக்கும், மாட்டுக்கு வேண்டுமென்றால் கொழுக்கட்டைப் புல் போடுங்கள். இடம் வீண் என்று கோபித்தால் என்னிடம் போனைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

காடு ஓடைப்பக்கம் எவ்வளவு சரிவு, மழையில் தண்ணீர் எந்த மூலையில் இறங்குகிறது என்று பார்த்து எழுது. விதைப்புக்கு முன்னால் எழுது.

உன்,
வசந்தி