மருமகனைத் திட்டாதீர்கள், லாத்தா

ஷா ஆலம்
12-11-2006

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் நலம். உம்மாவின் மூட்டுவலி குறைந்ததா?

உங்கள் மகன், என் மருமகன், பிரௌசிங் சென்டரே கதி என்று கிடப்பதாக மச்சான் போனில் வருத்தப்பட்டார். அவனைத் திட்டாதீர்கள். இங்கே மலேசியாவில் மலாய்ப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு மாரா பல்கலைக்கழகத்து மாணவர்கள் நடுராத்திரியிலும் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் டீ) குடிக்க வருவார்கள். பேச்செல்லாம் ஃபிரெண்ட்ஸ்டர்தான்; இன்டர்நெட்டில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பேசும் தளம். 2002-ல் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கே இப்போது மைஸ்பேஸ் என்ற அதே மாதிரி இன்னொரு தளத்தின் பக்கம் போய்விட்டார்கள். மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பிள்ளைகள்தான் இதை விடவில்லை. ஒரு கணக்கில் 500 நண்பர்கள்வரைதான் சேர்க்கலாம்; நிரம்பியதும் இன்னொரு கணக்கு தொடங்குகிறார்கள். இவர்களின் அண்ணன்மார் காலத்தில் எம்.ஐ.ஆர்.சி. அரட்டை. அதில் 'மாமாக்' என்று, இங்கே நம் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளைச் சொல்லும் பேரிலேயே ஓர் அறை இருந்தது.

எனக்குப் பிடித்தது 'டெஸ்டிமோனியல்' என்ற பகுதி. நண்பனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதி அனுப்புவார்கள். அவன் படித்துச் சம்மதித்தால்தான் அவன் பக்கத்தில் ஏறும். நம் கடையில் தலை நிமிராமல் ரொட்டி சானாய் தின்கிற ஒரு பையன், பள்ளித் தோழனுக்கு அதில் ஒரு பக்கம் எழுதியிருந்தான்: காய்ச்சலில் கிடந்தபோது ஹாஸ்டலுக்குக் கஞ்சி வாங்கி வந்தது, கணக்குப் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தது எல்லாம். நேருக்கு நேர் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளைகள், லாத்தா. எழுத இடம் கிடைத்ததும் மனசைத் திறந்துவிடுகிறார்கள். எழுத்தோ ஒரே சுருக்கம். நண்பர்கள் என்பதற்கு மலாயில் 'காவான்-காவான்' என்று இரண்டு தடவை அடிக்காமல், ஒரு தடவை அடித்துப் பக்கத்தில் 2 போட்டுவிடுவார்கள்.

போன மாதம் தீபாவளி 21-ஆம் தேதி, நோன்புப் பெருநாள் 24-ஆம் தேதி. ஊரே கம்போங்குக்கு, அதாவது சொந்தக் கிராமத்துக்கு, போய் ஷா ஆலம் காலியாகிவிட்டது. அப்போது ஒரு பையனின் பக்கத்தைப் பார்த்தேன். மினுமினுக்கிற கெத்துபாட் (ஓலைப் பின்னலில் வேகவைத்த பெருநாள் சோறு) படங்கள், திறந்ததும் தானாக ஓடும் பாட்டு, கீழே வரிசையாக 'மாஃப் ஸாஹிர் டான் பாத்தின்'. வெளியில் செய்த தவறையும் மனசுக்குள் நினைத்த தவறையும் மன்னிக்கச் சொல்லிக் கேட்பது. நாம் வீடு வீடாகப் போய் ஸலாம் சொல்வோமே, அதையேதான் அவர்கள் அங்கே செய்திருந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தீபாவளி வாழ்த்தும் எழுதியிருந்தார்கள்.

கெடுதலும் உண்டு. முகம் தெரியாதவர்கள் வேறு யாருடைய படத்தையோ போட்டுக்கொண்டு பேசுவார்கள். அதனால் மருமகனிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: போன் நம்பரையும் வீட்டு விலாசத்தையும் அதில் போடக்கூடாது, தெரியாதவர் கூப்பிட்டால் போகக்கூடாது, மஃரிபுக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். மற்றபடி போகட்டும். அவனுடைய இமெயில் விலாசத்தை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நானும் ஒரு கணக்கு திறந்திருக்கிறேன், அவனைச் சேர்த்துக்கொள்கிறேன்.

மச்சானுக்கும் உம்மாவுக்கும் என் ஸலாம்.

உங்கள் தம்பி