ரசிகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: அர்ப்ரோத், 2021–22 பருவம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அன்பார்ந்த சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

1975-இல் மேல்நிலை லீக்கிலிருந்து இறங்கிய நம் அர்ப்ரோத் கால்பந்துக் கழகம், அதன் பின் அந்த வாசலுக்கு இவ்வளவு அருகில் சென்றதில்லை. ஸ்காட்லாந்தின் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப் லீக்கில் இப்பருவத்தில் ஆடிய பத்து அணிகளுள் நம்முடையது மட்டுமே பகுதிநேர அணி. நம் வீரர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வாரத்தில் இரண்டு இரவு பயிற்சிக்கு வருகிறவர்கள். எதிரணியினருக்கோ ஆட்டமே முழுநேரத் தொழில். அந்த நிலையில் 36 ஆட்டங்களில் 17 வெற்றி, 14 சமநிலை, 5 தோல்வி என 65 புள்ளிகள் பெற்று இரண்டாம் இடம் பிடித்தோம். முதலிடம் பெற்ற கில்மார்னக் ஒன்பது ஆட்டங்களில் தோற்றிருக்க, நாம் ஐந்தில் மட்டுமே தோற்றோம் என்பதை இவ்வறிக்கையில் பதிவு செய்ய விரும்புகிறேன். அவர்களுக்கும் நமக்கும் இடையே இருந்தவை இரண்டே புள்ளிகள்.

இதற்குக் காரணமானவர்களுள் முதலாமவர் மேலாளர் டிக் கேம்பல். 2016-இல் அவர் பொறுப்பேற்றபோது நாம் லீக் அமைப்பின் கடைசி நிலையான லீக் டூவில் இருந்தோம். அவருடைய முதல் முழுப் பருவத்திலேயே அங்கு சாம்பியன் ஆனோம். 2018–19-இல் லீக் ஒன் பட்டத்தையும் வென்று மேலேறினோம். அவருடைய இரட்டைச் சகோதரர் இயான் உதவி மேலாளராக உடன் நின்றார். நடுக்கள வீரரான மைக்கேல் மெக்கென்னா முன்கள வீரர்களைவிட அதிக கோல்கள் அடித்ததையும், தற்காப்பின் உறுதியையும் எத்தனை பாராட்டினாலும் தகும். பருவம் முழுவதிலும் நாம் வாங்கியவை 28 கோல்கள்தான்.

நம் சொந்த மைதானமான கேஃபீல்டைப் பற்றி வெளியூர் விருந்தினர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். அதன் மதிலுக்கு அப்பால் சில அடி தூரத்திலேயே வடகடல் இருக்கிறது. குளிர்காலத்தில் காற்று கிளம்பிவிட்டால் கோல்கீப்பர் உதைத்த பந்து பாதி வழியில் நின்று அவரை நோக்கியே திரும்பும். மூலை உதைக்கு வைத்த பந்து நிற்காமல் உருளும். படிக்கட்டுகளின் இரும்புக் கம்பிகளில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். கண்ணாடி அணிந்த உறுப்பினர்கள் இடைவேளைக்குள் அதை மூன்று முறை துடைத்திருப்பார்கள். அந்த மதிலோரத்தில் நம் சங்கத்தினர் நிற்காத ஆட்டம் இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் டிசம்பர் 26 முதல் மூன்று வாரங்கள் பெருந்தொற்று விதிகளால் திறந்தவெளி ஆட்டங்களுக்கு 500 பேருக்கு மேல் அனுமதி இல்லாமல் போனது. அப்போது பருவச்சீட்டு வைத்திருந்தோருக்கு வழிவிட்டு நம்மில் பலர் வீட்டிலேயே இருந்தார்கள்.

ஏப்ரல் 22 வெள்ளி இரவு கில்மார்னக்கின் ரக்பி பார்க்கில் நடந்ததை வருத்தத்தோடு எழுதுகிறேன். வென்றால் ஓர் ஆட்டம் எஞ்சியிருக்க ஒரு புள்ளி முன்னிலை பெற்றிருப்போம். முதல் கோலும் நமக்கே கிடைத்தது. பின்னர் அவர்கள் சமன் செய்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் பிளேர் ஆல்ஸ்டன் அடித்த கோலால் 2–1 என்று பட்டம் அவர்களுடையதாயிற்று. கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. அன்று நாம் அமர்த்திய இரண்டு பேருந்துகளில் ஒன்று தாமதமாக வந்ததால் மூத்த உறுப்பினர்கள் சிலர் ஆட்டம் தொடங்கிய பிறகே உள்ளே நுழைய நேர்ந்தது. புறப்படும் நேரத்தை முன்கூட்டியே வைக்காதது என் பிழை. அவர்களிடம் மன்னிப்புக் கோருகிறேன்.

மேல்நிலை லீக்குக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் சுற்றின் அரையிறுதியில் இன்வர்னஸ் அணியுடன் அங்கும் இங்குமாக இரண்டு ஆட்டங்களும் கோலின்றி முடிந்தன. மே 13 அன்று நம் மைதானத்தில் எதிரணியில் இருவர் வெளியேற்றப்பட்டு ஒன்பது பேர்தான் எஞ்சினர். அப்போதும் நம்மால் கோல் போட முடியவில்லை. பெனால்டியில் 5–3 என்று தோற்றோம். ஒன்பது பேருடன் தாக்குப்பிடித்த அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. ஆட்டம் முடிந்தும் ஒருவரும் வெளியேறவில்லை. என் அருகில் நின்ற எண்பது வயதைக் கடந்த உறுப்பினர் தன் மெரூன் கழுத்துத் துண்டை நான்காக மடித்து மேற்சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வீரர்கள் உள்ளே போகும்வரை கைதட்டிக்கொண்டே இருந்தார்.

கழகம் முழுநேர அணியாக மாற வேண்டும் என்று உறுப்பினர்கள் சிலர் கடிதம் எழுதியுள்ளனர். அவர்களுடைய ஆதங்கம் புரிகிறது. ஆயினும் சிறிய மீன்பிடி ஊர் ஒன்றின் நுழைவுக் கட்டணத்தை நம்பி அவ்வளவு சம்பளச் சுமையை ஏற்பது, கழகத்தின் இருப்பையே பணயம் வைப்பதாகும் என்பது என் உறுதியான கருத்து. பொதுக்குழு இதை விவாதிக்கலாம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். படிக்கட்டுகளைத் துப்புரவு செய்யவும் பயணங்களை ஒழுங்கு செய்யவும் உழைத்த அனைவருக்கும் நன்றி. அடுத்த பருவம் ஜூலையில் லீக் கோப்பை ஆட்டங்களுடன் தொடங்குகிறது. பேருந்தில் இடம் வேண்டுவோர் இக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்