பெங்களூரின் வளர்ச்சியும் தென்பெண்ணையின் நுரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரில் குடிநீர்த் தட்டுப்பாடு வந்தாலும் மழையில் சாலைகள் மூழ்கினாலும், வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்ததுதான் காரணம் என்ற பேச்சு உடனே எழுகிறது. சாத்தனூர் அணையின் பாசனத்தை நம்பியிருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து 1984இல் வேலை தேடி வந்து, விவேக் நகரில் குடியேறியவன் நான். அந்தப் பேச்சு என்னைப் புண்படுத்துகிறது என்பதைவிட, உண்மையான காரணத்தை அது மறைத்துவிடுகிறது என்பதே என் கவலை.

மக்கள் பெருகியது உண்மைதான். பெங்களூரு நகர மாவட்டத்தில் 2001 கணக்கெடுப்பின்படி 65 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2011இல் 96 லட்சமானது. ஆனால் இந்த நகரம் தன் ஏரிகளை இழக்கத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் முன்பே. தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில்தான் மெஜஸ்டிக் பேருந்து நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமாயிற்று. கோரமங்களா ஏரி தேசிய விளையாட்டு கிராமக் குடியிருப்பாயிற்று. இவற்றில் எதையும் பிழைக்க வந்த ஏழை குடிசை போட்டுத் தூர்க்கவில்லை. வற்றாத ஆறு எதுவும் இல்லாத மேட்டு நிலத்தில், ஓர் ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழியும்படி முன்னோர் அமைத்த ராஜகால்வாய்களின் மேல் கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்தவர்கள் யார் என்பதல்லவா முதலில் கேட்க வேண்டிய கேள்வி?

அதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது, இந்நகருக்குள் வரும் நீரையும் வெளியேறும் நீரையும் பற்றியது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு இறைத்து ஏற்றப்படும் காவிரி நீர் எங்கள் வீட்டுக் குழாயில் வருகிறது. வழங்கப்படும் நீரில் 80 சதவீதம் அளவுக்குக் கழிவுநீராகத் திரும்பும் என்பது பொறியாளர்கள் கொள்ளும் கணக்கு. நகரின் மேற்குப் பகுதிக் கழிவு விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கே போய்ச் சேர, எங்கள் பகுதியின் கழிவோ பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் இறங்குகிறது. பெல்லந்தூர் ஏரி நுரைத்ததையும் தீப்பற்றி எரிந்ததையும் நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்த நீர் அங்கேயே நின்றுவிடவில்லை. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையின் மதகுகளைத் திறக்கும்போதெல்லாம், சலவைத் தூளின் வேதிப்பொருள் நீங்காத நீர் விழுந்து கலங்கி வெண்ணுரையாகக் குவிவதும், பாசன விவசாயிகள் முறையிடுவதும் பல ஆண்டுகளாகத் தொடர்கின்றன. கிருஷ்ணகிரி அணையைத் தாண்டினால் அடுத்தது சாத்தனூர். என் வீட்டில் துணி துவைத்த நீர், என் அண்ணன் நெல் நடும் வயலின் வாய்க்காலை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது என்பதை நான் புரிந்துகொள்ளவே இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன.

நல்லது எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, வறண்ட கோலார் மாவட்ட ஏரிகளுக்கு 2018 முதல் அனுப்புகிறார்கள். ஆனால் வளர்ச்சியின் வேகம் அதைத் தாண்டி ஓடுகிறது. 2007இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்காக, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அங்கே தாகம் தீர்வதில் மகிழ்ச்சியே. எனினும் மேற்சொன்ன கணக்கின்படி, அதிலிருந்து நாள்தோறும் 62 கோடி லிட்டர் கழிவுநீர் புதிதாகப் பிறக்கும். அதைத் தாங்கும் பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் முன்னதாகத் தயாராக இருப்பதல்லவா முறை? அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கட்டாயத்துக்காகக் கட்டிவிட்டு, மின்கட்டணத்துக்கு அஞ்சி இயக்காமல் வைத்திருக்கும் சுத்திகரிப்புத் தொட்டிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

காவிரியில் எத்தனை டிஎம்சி வர வேண்டும் என்பதற்கு இரு மாநிலங்களும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கையாவது, தென்பெண்ணையில் எத்தகைய நீர் வருகிறது என்பதற்கும் காட்ட வேண்டும். இரு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் சேர்ந்து வர்த்தூரிலும் கெலவரப்பள்ளியிலும் சாத்தனூரிலும் மாதந்தோறும் நீரைச் சோதித்து, முடிவுகளைக் கன்னடத்திலும் தமிழிலும் வெளியிட வேண்டும். கழிவுநீர் எங்கே போகும் என்று காட்டாத எந்தப் புதிய குடியிருப்புக்கும் குடிநீர் இணைப்பு வழங்கக் கூடாது. பெங்களூரில் மாநகராட்சிகள் இப்போது ஐந்தாகிவிட்டன. ராஜகால்வாய்களோ அவற்றின் எல்லைகளைப் பார்த்து ஓடுவதில்லை என்பதால், அவற்றின் பராமரிப்பு முழுவதும் ஒரே பொறுப்பின் கீழ் இருக்க வேண்டும் என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
விவேக் நகர், பெங்களூரு.