மலர்வளையம் வைத்த பிறகு காபிக்கும் இருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை நினைவுகூரும் ஏப்ரல் 25, அதாவது ஆன்சாக் தினத்தைப் பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். அது வெள்ளைக்காரர்களின் சண்டை, நமக்கு வெறும் லீவு நாள், வீட்டு மெஷினில் நல்ல காபி போட்டுக் குடித்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்று எழுதியிருந்தார் ஒரு அன்பர். காபி விஷயத்தில் அவரோடு எனக்குத் தகராறு இல்லை. மற்றதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் உலகப் போரில், 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் டேங்குகளைக் கொளுத்திவிட்டுப் போன கதை நம் எல்லோருக்கும் தெரியும். உயர் நீதிமன்ற மதிலில் அதற்குக் கல்வெட்டே இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் இருந்த என் பாட்டி வீட்டார் பாத்திரம் பண்டத்தை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டார்களாம். சரி, அந்த எம்டனை முடித்தது யார்? அந்த நவம்பர் 1ஆம் தேதி, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியிலிருந்து ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் கூட்டம் கிளம்பியது. அதற்குக் காவலாகப் போன ‘சிட்னி’ என்ற போர்க்கப்பல்தான் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகள் அருகே எம்டனை அடித்து நொறுக்கித் தரைதட்ட வைத்தது. அன்று கப்பலில் போன பையன்களில் பலர் அடுத்த ஏப்ரல் 25ஆம் தேதி துருக்கியின் கல்லிப்போலியில் சண்டைக்கு இறங்கினார்கள். 8,000க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர்கள் அந்தச் சண்டையில் உயிர்விட்டார்கள்.

எம்டனின் பீரங்கி ஒன்று இன்றைக்கும் இங்கே சிட்னி ஹைட் பார்க்கில், ஆக்ஸ்ஃபோர்ட் தெருவும் காலேஜ் தெருவும் சேரும் மூலையில் நிற்கிறது. நான் அந்த வழியாக பஸ் ஓட்டியவன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் பாட்டியின் மாட்டு வண்டி நினைவுக்கு வரும்.

கல்லிப்போலியில் இந்தியர்களும் இருந்தார்கள். மலைப் பீரங்கிப் படையினர் முதல் நாளே ஆன்சாக் கடற்கரையில் இறங்கினார்கள். சீக்கியர்கள், கூர்க்காக்கள், கோவேறு கழுதை ஓட்டிகள் என்று அங்கே போனவர்கள் பதினைந்தாயிரத்துக்கும் மேல். காயம்பட்டவர்களைக் கழுதை மேல் ஏற்றி வந்த ஆஸ்திரேலியப் படைச் சிப்பாய் சிம்ப்சனின் கதையை இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் படிக்கிறார்கள். அந்தச் சிம்ப்சன் தங்கியிருந்தது இந்தியப் பீரங்கிப் படையினரின் முகாமில்தான். இதற்குப் பிறகும் நமக்கென்ன என்று எப்படிச் சொல்வது?

இனி நம் தமிழ்ச் சங்கத்தார் விஷயம். ஏப்ரல் 25 அன்று நகரத்தில் பெரிய அணிவகுப்பு. பல புறநகர்களில் அதற்கு முந்தின ஞாயிறே சின்ன அணிவகுப்பு நடந்துவிடும். எனக்குப் பிடித்தது இந்தச் சின்னதுதான். பேக்பைப் வாத்தியக்காரர்கள், சாரணர் பிள்ளைகள், நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு மெல்லப் போகும் கார்கள். முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சொந்தப் பதக்கத்தை இடப்பக்க மார்பிலும், அப்பா, தாத்தா வாங்கிய பதக்கத்தை வலப்பக்கத்திலும் குத்திக்கொள்வார்கள். சட்டையில் ஒரு ரோஸ்மேரிக் கொத்து. நினைவுத் தூணருகே பியூகிள் ஊதி முடிந்ததும் ஒரு நிமிடம் தெருவே நின்றுவிடும்.

நம்மவர்களும் வருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பேனரோடு வந்து, மலர்வளையம் வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, கூட்டம் காபி குடிக்க ஹாலுக்குள் நுழைவதற்குள் காரை எடுத்துவிடுகிறார்கள். சாயந்திரத்துக்குள் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. ஐயா, நிகழ்ச்சியே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. அந்த முன்னாள் படைவீரர்கள் வாய் திறப்பது ஹாலில், கையில் கோப்பையோடு உட்காரும்போதுதான்.

ஹாலில் கிடைப்பது இன்ஸ்டன்ட் காபி. விடியற்காலை நிகழ்ச்சிகளில் அதில் கொஞ்சம் ரம் ஊற்றிக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ருசியை அது மறைத்துவிடும். பகலில் நடக்கும் எங்கள் பகுதி நிகழ்ச்சியில் அந்த வசதியும் கிடையாது. அதனால் போன வருஷம் வீட்டு மெஷினையே டிக்கியில் வைத்துக்கொண்டு போனேன். நான் ஓய்வுபெற்றபோது மகள் வாங்கிக் கொடுத்தது. விடியற்காலை ஷிஃப்டுக்குப் பெட்ரோல் பங்க் காபியைக் குடித்தே காலம் தள்ளியவனுக்கு, வீட்டில் நின்று கொட்டையை அரைத்து, 18 கிராம் தூளை அழுத்தி, முதல் சொட்டு தேன் நிறத்தில் இறங்குவதைப் பார்ப்பது தனி சுகம். அரை நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். நீராவிக் குழாயைப் பால் மட்டத்துக்குச் சற்றே கீழே பிடித்தால் பட்டுத் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பாத்திரத்தில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். சிக்கரி கலந்த தூளை மட்டும் இதில் போடாதீர்கள், சல்லடை அடைத்துக்கொள்ளும். அதற்கு நம் பித்தளை ஃபில்டர் இருக்கிறது.

அன்று எவர்சில்வர் டம்ளரில் வாங்கிக் குடித்த ஒருவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். அந்தக் காலத்தில் இருபது வயதுப் பையன்களைப் பிறந்த தேதி பார்த்துக் குலுக்கல் முறையில் எடுத்திருக்கிறார்கள். தேதிக்கு ஒரு கோலி. அவருடைய தேதிக்கான கோலி உருளையிலிருந்து வந்தது. ஒரே வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பனின் தேதி வரவில்லை. “அவன் பேங்க் மேனேஜர் ஆகி ரிட்டயர் ஆனான்” என்றார். அப்புறம் டம்ளரை நீட்டி, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார். இது எந்த போட்டோவில் வரும்?

ஆகவே சங்கத்தாருக்கு என் வேண்டுகோள்: அடுத்த ஏப்ரலில் மலர்வளையத்தோடு ஒரு ஃபில்டரோ மெஷினோ கொண்டு வாருங்கள், ஒரு மணி நேரம் உட்காருங்கள். தொட்டுக்கொள்ள அவர்களே ஆன்சாக் பிஸ்கட் வைத்திருப்பார்கள். ஓட்ஸும் சர்க்கரைப் பாகும் போட்டது, முட்டை சேராது, சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். ஹாலில் தண்ணீர் கொதிக்கும் பெரிய அண்டாவும் மெஷினும் ஒரே லைனில் ஓடினால் ஃபியூஸ் போய்விடும். வேறு பிளக் பாயின்ட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்ஸ் பால் கேட்பவர்களும் வருவார்கள், இரண்டு பாக்கெட் கையோடு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர்,
வென்ட்வொர்த்வில், சிட்னி.