திரைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலி

வேலந்தாவளம்
பங்குனி, ஞாயிறு இரவு

அன்புள்ள நித்யா,

உன் கடிதம் கிடைத்தது. எனக்குத் தபாலில் கடிதம் போடுகிற ஆள் இப்போது நீ ஒருத்திதான். வங்கியிலிருந்து வருகிற உறைகளுக்கு நடுவே உன் கையெழுத்தைப் பார்த்ததும் தபால்காரருக்கே சந்தோஷம். மகளுக்குப் பல் முளைத்ததும், கம்பெனியில் உன்னைத் தரம் பார்க்கும் பிரிவுக்கு மாற்றியதும் நல்ல செய்திகள். மாமியார் சங்கதியை நேரில் பேசுவோம். அதையெல்லாம் எழுத்தில் வைக்கக் கூடாது.

"சுவரில் வாழைப்பழத்தை ஒட்டிக் கோடிக்கணக்கில் விற்றானாமே ஒருவன், அதைத்தான் நீயும் படிக்கிறாயா?" என்று கேட்டிருக்கிறாய். எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் இதையே கேட்டுவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்குகிறார்கள். ஒட்டியவர் மௌரிசியோ கட்டெலான் என்ற இத்தாலிக்காரர். 2019-இல் மியாமியில் நடந்த கலைச் சந்தையில் ஒட்டினார். 2024 நவம்பரில் நியூயார்க்கில் ஏலம் விட்டபோது 62 லட்சம் டாலருக்குப் போனது. எடுத்தவர் அதை உரித்துத் தின்றும்விட்டார். பழம் அழுகினால் வேறு பழம் வைத்துக்கொள்ளலாம். அவருக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழும் எப்படி ஒட்ட வேண்டும் என்கிற குறிப்பும்தான். சந்தையைக் கிண்டல் செய்யப் போன கிண்டலைச் சந்தையே விலை பேசி வாங்கிக்கொண்டது. எனக்கு அதில் சிரிப்பு வருகிறது, ஆர்வம் வரவில்லை. அவ்வளவுதான்.

நான் பிடித்துக்கொண்டிருப்பது நிழலை.

பன்னிரண்டாம் வகுப்பில், வெள்ளம் வந்த 2018-ஆம் ஆண்டின் முடிவில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேவுக்கு நம்மை அழைத்துப் போனார்களே, நினைவிருக்கிறதா? நீ எர்ணாகுளம் படகுத்துறையையும் வறுத்த நெத்திலியையும் மட்டும் நினைவில் வைத்திருப்பாய் என்று தெரியும். ஆஸ்பின்வால் கட்டடத்தில் ஓர் இருட்டு அறை இருந்தது. வரிசையாக எட்டுத் திரைகள். ஒரு திரையில் நுழைகிற ஊர்வலம் அடுத்த திரைக்கு நடந்து போகும். பித்தளை வாத்தியக் குழு, சலைன் கம்பத்தை இழுத்துக்கொண்டு போகும் நோயாளிகள், ஆடுகிற எலும்புக்கூடுகள், எல்லாம் நிழல் உருவங்கள். தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் செய்தது. ஆசிரியை வந்து கையைப் பிடித்து இழுக்கும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன். அந்த ஊர்வலத்தில் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் இராத்திரியில் நம் ஊர்ச் சாலையில் லாரி வெளிச்சம் பட்டுச் சந்தைச் சுமைக்காரர்கள் சுவரோரமாக நடப்பது அப்படித்தான் தெரியும்.

கல்லூரிக்கு வந்த பிறகுதான் நிழலுக்கு இத்தனை பெரிய குடும்பம் இருப்பது தெரிந்தது. பிரான்சின் கிறிஸ்டியன் போல்டான்ஸ்கி 1984 வாக்கில் அட்டையிலும் கம்பியிலும் உள்ளங்கை அளவுப் பொம்மைகள் செய்து தொங்கவிட்டு, சிறு விளக்கால் அவற்றைச் சுவரில் பூதங்களாக்கினார். நம் நளினி மலானி ஒளி ஊடுருவும் உருளைகளின் உட்புறத்தில் ஓவியம் தீட்டிக் கூரையிலிருந்து சுழலவிடுகிறார்; 2012-இல் ஜெர்மனியின் காசல் நகரில் அப்படி ஓர் அறையையே நிறைத்தார். கண்ணாடிக்குப் பின்புறம் தலைகீழ் வரிசையில் வண்ணம் தீட்டும் வேலை தஞ்சாவூர்க்காரர்களுக்கும் பழக்கம்தான். இவற்றை நான் வீடியோவில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஆகவே நிறையப் பேச மாட்டேன்.

நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். மாசியில் ஷொர்ணூர் பக்கம் பாரதப்புழைக் கரையோரம் ஒரு பகவதி கோயிலுக்குத் தோல்பாவைக்கூத்து பார்க்கப் போனேன். பாலக்காட்டுக்காரி என்று பெயர்தான். இத்தனை நாளும் இங்கிருந்து மேற்கே இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்க்கவில்லை. இதற்கென்றே கோயிலுக்கு எதிரில் நிரந்தரமாகக் கூத்துமாடம் கட்டி வைத்திருக்கிறார்கள். நீளமான திரை, மேல்பாதி வெள்ளை, கீழ்ப்பாதி கறுப்பு. திரைக்குப் பின்னால் ஒரு நீண்ட பலகையில் 21 தேங்காய்மூடிகள், அவற்றில் எண்ணெயும் திரியும். பாடுவது என்ன தெரியுமா? கம்பராமாயணம்! நம் தமிழ்வழிப் பள்ளியில் மனப்பாடப் பகுதி என்று நம்மை வாட்டினார்களே, அதே கம்பன். பாடுகிறவர்களைப் புலவர் என்றே அழைக்கிறார்கள். ஒரு பாட்டைப் பாடிவிட்டு ஒரு புலவர் பொருள் சொல்வார். மற்றவர் குறுக்கே கேள்வி போடுவார். இவர் தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்து பதில் சொல்வார். வாதம் நீண்டுகொண்டே போகும். திரையில் பாவை அசையாமல் நிற்கும்.

இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் திரைக்கு முன்னால் இருந்தது நான், கோயில் காவலர், ஒரு நாய். நாயும் பிறகு எழுந்து போய்விட்டது. சில கோயில்களில் இந்தக் கூத்து 7 இரவு, சிலவற்றில் 14, 21, 41, 71 இரவுகள்கூட நடக்கும். அத்தனை இரவும் ஏறக்குறைய இதே கூட்டம்தான் என்றார்கள். புலவர்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. காரணம், கூத்து மனிதருக்காக நடப்பதில்லை. இராமனும் இராவணனும் போரிட்டபோது பத்ரகாளி வேறொரு போரில், தாரிகன் என்ற அசுரனைக் கொல்லும் வேலையில் இருந்தாளாம். அதனால் அந்தப் போரை அவளால் பார்க்க முடியாமல் போயிற்று. தவறவிட்டதை ஆண்டுதோறும் அவளுக்கு ஆடிக் காட்டுகிறார்கள். நாம் போனால் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம், தடை இல்லை. எதிரே சந்நிதியில் இருப்பவள்தான் பார்வையாளர்.

இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் வகுப்பில் எந்த வேலையைக் காட்டினாலும் முதல் கேள்வி, "உன் பார்வையாளர் யார்?" என்பதுதான். அறைக்குள் நடப்பவர் எங்கே நிற்பார், எந்தப் பக்கம் திரும்புவார், எத்தனை நிமிடம் பொறுமை இருக்கும் என்று அளந்து அளந்துதான் இன்ஸ்டலேஷன், அதாவது ஓர் இடத்தையே படைப்பாக்கும் வேலை, அமைக்கக் கற்றுத் தருகிறார்கள். நல்ல பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் முகம் தெரியாத 'பார்வையாளர்' என்கிற அந்த ஆளுக்காகச் செய்து செய்து எல்லா வேலையும் ஒரே சாயலில் வந்துவிடுகிறது. இங்கே பார்வையாளருக்குப் பெயர் இருக்கிறது. அவள் ஏன் அந்த இடத்தில் இல்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது: வேலை.

எனக்கு உடனே அப்பா நினைவுக்கு வந்தார். உனக்குத் தெரியாததா? எத்தனை ஆண்டுகள் தக்காளி லோடு! நம் மார்க்கெட்டில் சாயங்காலம் ஏற்றி, விடிவதற்குள் திருச்சூரிலோ எர்ணாகுளத்திலோ இறக்க வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிச் சோதனைச்சாவடிகளை மூடும்வரை, சீட்டில் முத்திரை வாங்கவே பாதி இரவு வரிசையில் நிற்பார். எனக்குக் காது குத்தியபோது அவர் இல்லை. ஆடிக் காற்றில் பனைமரம் மாட்டுக்கொட்டகை மேல் விழுந்த இரவில் இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் நான் இராவணனாக நின்று, பத்துத் தலை அட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து, குரங்காக வந்த நீ அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வசனம் பேசினாயே, அப்போதும் இல்லை. எல்லாவற்றையும் அம்மா சொல்லக் கேட்டவர்.

ஆகவே என் இறுதியாண்டு வேலை இதுதான்: அப்பா பார்க்காமல் போனவற்றை அவருக்கு ஆடிக் காட்டுவது. பாவை, திரை, விளக்கு. மார்க்கெட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் தக்காளிக் கொட்டகையைக் கேட்டு வாங்கிவிட்டேன். முன்னால் ஒரே ஒரு நாற்காலி போடுவேன்.

பாவைகளை ஆட்டுத்தோலில் வெட்டுகிறேன். முன்பெல்லாம் மான்தோல், இப்போது புலவர்களும் ஆட்டுத்தோல், எருமைத்தோல் என்று மாறிவிட்டார்கள். தோலை இழுத்துக் கட்டிக் காயவைத்து முடியைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த நாற்றத்துக்கு அம்மா என்னைத் தோலோடு சேர்த்துக் கிணற்றடிக்குத் துரத்திவிட்டாள். வெட்டுவதைவிடத் துளை போடுவதில்தான் சூட்சுமம். மரக்கட்டை மேல் தோலை வைத்து, உளியை நேர்க்குத்தாகப் பிடித்து, ஒரே தட்டு. உளி கொஞ்சம் சாய்ந்தாலும் துளையின் ஓரம் கிழிந்து ஒளி பிசிறடிக்கும். நகை, புடவைக்கரை, தலைமயிர் எல்லாம் துளைகளின் வரிசைதான். நெருக்கிப் போட்டால் பட்டு, தள்ளிப் போட்டால் பருத்தி. கண் மட்டும் அரிசிமணி அளவுக்கு மேல் போகக் கூடாது, போனால் உருவம் திடுக்கிட்டுப் போய்ப் பார்க்கும். காது குத்தும் காட்சியில் என் முகத்துக்கு வேண்டுமென்றே அப்படிப் பெரிய கண் வைத்திருக்கிறேன். ஆந்திரத்துத் தோல்பொம்மைகளில் ஒளி ஊடுருவி வண்ணம் தெரியும். நம் பக்கத்துப் பாவைகளில் நிழல் கறுப்பு, துளை மட்டும் வெளிச்சம். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

கூனத்தறையின் இராமச்சந்திர புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது உனக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கூத்தில் இப்போது பெண்கள் குழுவும் உண்டு. பாவைகளை ரோபோ ஆட்டும் ஏற்பாடும் பாலக்காட்டில் வந்துவிட்டது. ரோபோ கையை நன்றாகவே ஆட்டும். குறுக்குக் கேள்விக்கு அது என்ன பதில் சொல்லும் என்று பார்க்க எனக்கு ஆசை.

கல்லூரியில் இதைச் சொன்னபோது வழிகாட்டும் பேராசிரியர், "ஒருவர் மட்டும் பார்ப்பது வீட்டு விசேஷம், கண்காட்சி அல்ல" என்றார். நான் விடவில்லை. தேர்வாளர்கள் திரைக்குப் பின்னால் வந்து நிற்கட்டும் என்றேன். விளக்கு, எண்ணெய், வியர்வை, கை மாறும் பாவைகள், அடுத்த காட்சிக்கு அவசரமாகத் தேடும் விரல்கள், எல்லாம் அந்தப் பக்கம்தானே இருக்கின்றன. மதிப்பெண் போட அதைவிட வேறென்ன வேண்டும்? அவர் சிரித்தார், கடுகடுக்கவில்லை. துறையில் பேசிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அனுமதி வராவிட்டால் தேர்வுக்கு வேறு எதையாவது வைப்பேன், இதை எப்படியும் நடத்துவேன்.

அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் நெகிழ்ந்து போவார் என்று நீ எதிர்பார்த்தால் உனக்கு அவரைத் தெரியவில்லை என்று அர்த்தம். "எத்தனை நேரம் ஓடும்?" என்றார். முக்கால் மணி நேரம் என்றேன். "நடுவில் டீ உண்டா?" என்றார். பிறகுதான் விளக்கைப் பற்றி விசாரித்தார். லாரி முகப்பு விளக்கை வைத்து ஆட்டலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். "இரண்டும் எரிந்தால் நிழல் இரண்டாகும். ஒன்றை அணைத்தால் எதிரே வருகிறவன் பைக் என்று நினைத்து நடுவில் ஏறுவான்" என்றார், கொட்டகைக்குள் எதிரே யார் வரப்போகிறார்கள் என்று கேட்காதே. சர்க்கரையால் கால் மரத்துப் போய் வண்டி ஓட்டுவதை நிறுத்திய பிறகும் அவர் சாலையில்தான் இருக்கிறார். ஆனால் அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 21 சுடர்கள் வரிசையாக எரியும்போது திரையிலிருந்து சற்றே விலகும் எதற்கும் 21 நிழல்கள். ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புகைபோலக் கரைந்துவிடும். அதனால்தான் புலவர்கள் பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடிக்கிறார்கள். ஒட்டினால் உருவம், விலக்கினால் மாயம். பனைமரம் விழும் காட்சிக்கு இந்த ஒரு வித்தை போதும் எனக்கு. தேங்காய்மூடி விளக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். கொட்டகையில் காற்று வரும் பக்கத்தை அடைக்கத் தார்ப்பாய் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார், வாடகை கேட்காமல்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. திரைக்குத் துணி வேண்டும். உங்கள் பனியன் துணி ஆகாது, இழுத்துக் கட்டினால் நடுவில் தொங்கும். பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் ஓடும் காடாத் துணி, வெளுக்காதது, நான்கு மீட்டர். அதே அகலத்தில் கறுப்பு நான்கு மீட்டர். கறுப்பில் சாயம் போகக் கூடாது. தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாய், உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சித்திரை இரண்டாம் சனிக்கிழமை. மதியமே வந்துவிடு. உனக்கும் முன்னால் உட்கார இடம் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன். பின்னால் வேலை இருக்கிறது: இடது பக்கத்து ஏழு விளக்குகளுக்கும் எண்ணெய் பார்க்க வேண்டும், ஆண்டு விழாக் காட்சியில் அந்தக் குரங்கை நீயேதான் ஆட்ட வேண்டும். மகளைக் கூட்டி வா, அம்மா பார்த்துக்கொள்வாள். துணி என்ன விலை என்று எழுது, உடனே அனுப்புகிறேன். உதவித்தொகை வந்திருக்கிறது, ஆகவே "பரவாயில்லை, இருக்கட்டும்" என்று பெரிய மனுஷி போல எழுதாதே.

அன்புடன்,
சுகன்யா