ஆண்டறிக்கை 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, டி.டி.பி., ஜெராக்ஸ், சர்வீஸ் கடையை ஒரு மணி நேரம் பூட்டிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை வழக்கம்போல் வாட்ஸப்பில் வரும். கட்டைவிரல் போடுவதற்கு முன் படித்துப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. கோரம் (தேவையான ஆள் எண்ணிக்கை) இல்லாமல் கலைந்தவை எவை என்பது மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. நவம்பர் 1, நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளில், இனிப்பு வழங்கினோம். ஆயுத பூஜைக்குப் பொரியும் அவலும். ஜெராக்ஸ் கட்டணத்தைத் தக்கலை வட்டாரம் முழுக்க ஒரே சீராக வைப்பது பற்றி இவ்வாண்டும் பேசினோம், இவ்வாண்டும் முடிவெடுக்கவில்லை.

லினக்ஸ் மாற்றப் பணி

கடை மெஷின்களில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச ஓ.எஸ். (கணினியை இயக்கும் மென்பொருள்) போடும் பணி இது. இதற்குக் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறேன். “டி.டி.பி., ஜெராக்ஸ், சர்வீஸ் கடைக்காரர் சங்கத்தைச் செயலாளர் லினக்ஸ் சங்கம் ஆக்கிவிட்டார்” என்று டீக்கடையில் பேச்சு இருப்பதால் விளக்கம் தர வேண்டியிருக்கிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிட்டன. விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமானால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, கூடவே டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். நம் கடைகளில் நாள் முழுக்கக் கல்யாணப் பத்திரிகையும் கொடை விழா நோட்டீசும் அடிக்கிற மூன்றாம் தலைமுறை ஐ5 சிஸ்டங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பூட் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளில் டிபிஎம் சோதனையை நீக்கி 11 போட்டுக் கொடுக்கலாம்தான். அப்படிப் போட்டதற்குப் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல் எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட் கட்டளைகள் இல்லாத பிராசசரில் அது பூட்டே ஆகாது. அவை இல்லாத கோர் 2 டுவோ வைத்திருப்பவர்கள் பென்டிரைவைச் சொருகி நேரத்தை வீணாக்க வேண்டாம். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு வாங்க வழி இருக்கிறது என்பதையும் கஸ்டமரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு என்ன என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் எழுதுகிறேன். காசு கொடுக்காமல் விண்டோஸை ஓடவைக்க, ஆக்டிவேட்டர் என்ற பெயரில் கடைக்குக் கடை பென்டிரைவில் சுற்றும் கோப்பு, முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறது. ஆதார் நகலும் வங்கிப் பாஸ்புக்கும் ஸ்கேன் செய்கிற மெஷினில் அதை ஓடவிடுவது எந்த வகையிலும் நியாயம் இல்லை.

ஆகவே நிர்வாகக் குழு ஒப்புதலோடு லினக்ஸின் ஒரு வகையான மின்ட் 22 வரிசை தேர்வு செய்யப்பட்டது. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை புதுப்பிப்பு உண்டு. 4 ஜிபி ராமுக்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபிக்கு சினமன். 2 ஜிபியிலும் ஏறும், ஆனால் பிரவுசரில் வாட்ஸப் வெப்பும் இன்னொரு பக்கமும் திறந்தால் திணறும். பழைய அரசு மடிக்கணினி கொண்டுவருகிறவர்களிடம் முதலில் ராம் சேர்க்கச் சொல்லுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பாதி முறையீடு ஓ.எஸ். மாற்றாமலே தீர்ந்துவிடும். களியக்காவிளை தாண்டினால் கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினிப் பாடம் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வருவது கடைக்காரருக்கு வராதா?

முதலில் மாற்ற வேண்டியது ஜெராக்ஸ் கவுண்டர் மெஷின். ஊரில் உள்ள பென்டிரைவ் எல்லாம் அதில்தான் சொருகப்படுகிறது. ஃபோல்டர்களை மறைத்து, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கிற வைரஸ் விண்டோஸில்தான் ஓடும். மின்ட்டில் அந்த ஷார்ட்கட் வெறும் கோப்பாகக் கிடக்கும், மறைத்த ஃபோல்டர் தெரியும். கண்ட்ரோல் விசையோடு எச் அழுத்தினால், பெயர் புள்ளியில் தொடங்கும் கோப்புகளும் தெரியும். கஸ்டமரின் கோப்பை எடுத்து பிரிண்ட் கொடுத்துவிடலாம், நோய் அடுத்தவர் பென்டிரைவுக்குத் தாவாது.

மாற்றும் முறையைச் சங்கம் நடத்திய லினக்ஸ் வகுப்பிலேயே சொன்னோம். வராதவர்கள் இரவு பத்து மணிக்குப் போன் செய்வதால் இங்கும் எழுதுகிறேன். கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு எடுக்கும்போது டெஸ்க்டாப் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட்டின் நெட் சேமிப்பான ஒன்டிரைவ் அதைத் தன் ஃபோல்டருக்குள் இழுத்திருக்கும். மேகக் குறி போட்ட கோப்பு டிஸ்க்கில் இருக்காது, நெட்டோடு இறக்கினால்தான் வரும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) கை வைத்தபின் அது கேட்கும். விண்டோஸையும் வைத்துக்கொள்கிறவர்கள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்தே ஆக வேண்டும். அணைக்காவிட்டால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸில் டி டிரைவைத் திறக்கலாம், ஒரு எழுத்தும் சேமிக்க முடியாது.

பென்டிரைவில், அதைப் பூட் ஆகவைக்கும் வென்டாய் மென்பொருளைப் போட்டு, மின்ட் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் கோப்பை) அப்படியே காப்பி செய்தால் போதும். 8 ஜிபி தாராளம். இறக்கிய ஐஎஸ்ஓவின் ஷா256 சரிபார்ப்பு எண்ணை மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடாமல் ஆரம்பிக்காதீர்கள். பாதியில் அறுந்த டவுன்லோடுதான் பல நேரம் பிழைக்குக் காரணம். பென்டிரைவிலிருந்து பூட் செய்ய எச்பியில் எஃப்9, டெல், லெனோவாவில் எஃப்12. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸில் அதை முதலில் இயக்க வேண்டியிருக்கும். பூட் ஆனதும் இன்ஸ்டால் கொடுக்க அவசரப்படாமல், பென்டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, சவுண்ட், பிரிண்டர் மூன்றையும் பாருங்கள். டிஸ்க் தெரியவில்லை என்றால் பயாஸில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா முறை இன்டெல் ஆர்எஸ்டியில் இருக்கும். ஏஹெச்சிஐக்கு மாற்ற வேண்டும். விண்டோஸ் கூடவே இருக்கிறது என்றால் முதலில் அதை சேஃப் மோடில் பூட் ஆகும்படி வைத்துவிட்டு மாற்றுங்கள். நேரடியாக மாற்றினால் நீலத்திரைதான்.

வைஃபை வராத மடிக்கணினிகளில் பெரும்பாலும் பிராட்காம் கார்டு இருக்கும். டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்று திண்டாட வேண்டாம். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் அதுவே காட்டித்தரும். இரண்டு ஓ.எஸ். உள்ள மெஷினில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் மதர்போர்டில் உள்ள சிமாஸ் பேட்டரியை மாற்றிக் கஸ்டமரிடம் பைசா வாங்காதீர்கள். விண்டோஸ் பயாஸில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் உலக நேரத்தை எழுதுகிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகும். குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வருகிற மெஷின் இன்ஸ்டால் நடுவில் உறைந்து நின்றால் லினக்ஸைக் குறை சொல்லும் முன் ராமைக் கழற்றிப் பாருங்கள். கடற்காற்றில் பொன்னிறப் பற்கள் பச்சையும் கறுப்புமாக மங்கியிருக்கும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, உலர்ந்தபின் போடுங்கள்.

இனி டி.டி.பி. கடைகளின் தலைவலி, பாமினி. அந்த எழுத்துரு தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வைத்திருக்கிறது. எழுத்துருக் கோப்பை மின்ட்டில் நிறுவினால் பழைய கோப்புகள், வேர்டுக்குப் பதிலான லிப்ரே ஆபிஸில் தமிழாகவே தெரியும். ஆனால் ஆட்டோகரெக்டை முழுதாக அணைத்த பிறகே தட்டச்சு செய்யுங்கள். வாக்கியத்தின் முதல் எழுத்தை அது தானாகப் பெரிய எழுத்தாக்கும். பாமினியில் பெரிய எழுத்து வேறு தமிழ் எழுத்து. மணமகன் பெயர் மாறிப்போன பத்திரிகைக்கு யார் பதில் சொல்வது? யுனிகோடுக்கு மாற்றும் கருவிகளிலும் ஒரு கண் வேண்டும். பாமினிப் பத்திக்குள் மின்னஞ்சல் முகவரியோ ஆங்கிலச் சொல்லோ இருந்தால் அதையும் தமிழ் என்றே எடுத்துக் குதறிவிடும். மாற்றியபின் ஆங்கிலம் வரும் இடங்களை மூலத்தோடு ஒப்பிட்டே தீர வேண்டும்.

புதிதாகத் தட்டச்சு செய்ய ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் இரண்டையும் போட்டு லாகவுட் செய்து வந்தால் தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெடிக் மூன்று விசைமுறையும் கிடைக்கும். கஸ்டமர் கொண்டுவரும் வேர்ட் கோப்பில் லதா எழுத்துரு இருந்தால், லினக்ஸில் அது இல்லாததால் வேறொன்று வந்து உட்காரும். ஒரு பக்கச் சான்றிதழ் கையெழுத்து வரியை மட்டும் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிடும். பிரிண்ட் எடுக்கும் முன் பிரிவியூ பாருங்கள்; பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லிப் பழக்குங்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் பல வருடக் கோப்பு வைத்திருப்பவர்கள் ஒரு பழைய விண்டோஸ் மெஷினை நெட் கொடுக்காமல் அதற்கென்றே விட்டுவைப்பது நல்லது. லிப்ரே ஆபிஸ் டிரா அந்தக் கோப்பைத் திறக்கும், ஆனால் பக்க அமைப்பு குலையும்.

பிரிண்டர்களில் எப்சன் எல் வரிசையில் தொல்லை குறைவு. மை அளவைத் திரையில் தேடாமல் தொட்டியைப் பாருங்கள். எச்பி லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேரை (தன் உள் மென்பொருளை) வாங்கிக்கொள்கிற ரகம். அதனால் எச்பியின் லினக்ஸ் டிரைவரான எச்பிலிப்போடு அதே பதிப்பு எண் உள்ள பிளக்இன்னும் வேண்டும். எச்பிலிப் புதுப்பிக்கப்பட்டால் பிளக்இன்னையும் மறுபடி இறக்க வேண்டும். நம்மில் பலரிடம் உள்ள கேனான் எல்பிபி 2900-க்கான லினக்ஸ் டிரைவர் மிகப் பழையது, 32 பிட் கோப்புகளைக் கேட்டு மல்லுக்கு நிற்கும். அதை விண்டோஸ் மெஷினிலேயே விடுங்கள்.

டேலி கணக்கு மென்பொருள் பயன்படுத்துகிறவர்கள், விரல்ரேகைக் கருவி வைத்து ஆதார் சார்ந்த சேவை செய்கிறவர்கள் அந்த மெஷினை மாற்ற வேண்டாம் என்று வகுப்பிலேயே தெளிவாகச் சொல்லப்பட்டது. எல்லாவற்றையும் மாற்றச் சொன்னதாகப் பரவும் செய்தி, வகுப்புக்கு வராதவர்களிடமிருந்தே வருகிறது.

வருகையும் சந்தாவும்

அந்த வகுப்புகளை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் ஆராதனை, திருப்பலி என்றார்கள். மாலைக்கு மாற்றினால் கல்யாண வீடு என்றார்கள். புதன்கிழமை வைத்தபோது காரணம்கூடச் சொல்லவில்லை. வந்தவர்கள் சிலரே ஆனாலும், அவர்களில் தன் கடை மெஷினை மாற்றிவிட்டு மற்றவர் கடைக்கும் போய் மாற்றிக் கொடுத்தவர்கள் உண்டு. பெயர் சொன்னால் நாளை முதல் அவர்கள் கடையில்தான் கூட்டம் கூடும் என்பதால் சொல்லவில்லை.

சங்கப் பணத்தில் வாங்கிய வென்டாய் பென்டிரைவ்கள் பதிவேட்டில் கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கப்பட்டன. ஒன்றிரண்டே திரும்பி வந்தன. வந்த ஒன்றில் ஐஎஸ்ஓ அழிக்கப்பட்டு சினிமாப் பாட்டு இருந்தது.

சந்தா நிலவரம் இதைவிட மோசம். வருடம் முழுக்க ஒரு ரூபாயும் செலுத்தாதவர்களே, சங்கம் நமக்கு என்ன செய்தது என்று முதலில் கேட்கிறார்கள். விதிப்படி தொடர்ந்து பாக்கி வைப்போரின் வாக்குரிமை நிறுத்தப்படலாம். அதைப் பயன்படுத்தும் எண்ணம் இதுவரை நிர்வாகக் குழுவுக்கு இல்லை.

வரவு செலவு

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற ஆண்டு இருப்போடு இவ்வாண்டு வரவைச் சேர்த்து, ஹால் வாடகை, தேநீர், பென்டிரைவ், ஆயுத பூஜை, இதரச் செலவு போகக் கையிருப்பு சிறிதளவு உள்ளது. இதரச் செலவு பற்றிக் கேட்க விரும்புவோருக்கு ரசீதுகள் தயாராக உள்ளன.

நன்றி

ஒத்துழைத்த தலைவருக்கும், கணக்கைக் கவனித்த பொருளாளருக்கும், வகுப்புக்கு இடம் தந்த வாசகசாலை நிர்வாகத்துக்கும், மழையில் கரண்ட் போனபோது இன்வெர்ட்டர் கொடுத்துதவிய பக்கத்துக் கடைக்காரருக்கும், தேநீர்க் கடைக்காரருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டு

புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம். இப்பொறுப்பை ஏற்க முன்வரும் எவருக்கும் அலமாரிச் சாவி, மினிட்ஸ் புத்தகம், பென்டிரைவ் பதிவேடு, எந்தக் கடையில் எந்தப் பிரிண்டருக்கு எந்த டிரைவர் என்ற குறிப்பேடு ஆகியவற்றை இன்றே ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். முன்வர யாரும் இல்லாவிட்டால் இன்னும் ஓராண்டு தொடர மறுப்பில்லை. ஆனால் நீட்டிப்பு முடியும் 2026 அக்டோபர் 13-க்கு முன் மீதியுள்ள கவுண்டர் மெஷின்களை மாற்றி முடிக்க, இரவல் கொடுக்க சங்கத்துக்கு ஓரிரு எஸ்எஸ்டியும் ஒரு பழைய டெஸ்க்டாப்பும் தேவை. அவற்றை இருக்கிற கையிருப்பில் வாங்க முடியாது என்பது கணக்கைக் கேட்டதும் தெரியும். பொருளாளர் கூட்டம் முடியும்வரை வாசலருகே ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். ஜிபே வசதியும் உண்டு. பென்டிரைவ்களையும் அவரிடமே கொடுக்கலாம், பாட்டு இருந்தாலும் பரவாயில்லை.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்